ஷாக் நின்றுவிட்டது, இனி பயமில்லையா?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வீட்டில் அவர், கணவர், மாமியார், நாலு வயது மகன். வாடகை வீடு மாறி மூன்று வாரம் ஆகிறது. எட்டு மாதம் முன்பு வாங்கிய இன்வெர்ட்டர் டபுள் டோர் ஃபிரிட்ஜை டாடா ஏஸில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். புது வீட்டில் பிளக்கை மாட்டிய அன்றே, கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்றது. வெறுங்காலோடு நின்ற மாமியாருக்கு நன்றாகவே தெரிந்தது, செருப்புப் போட்டிருந்த இவருக்கு ஒன்றுமில்லை. கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து, "ஃபிரிட்ஜில் குறை இல்லை, வீட்டில் எர்த் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரரோ, "பதினைந்து வருடம் நாங்களே இங்கே ஃபிரிட்ஜ் வைத்திருந்தோம், ஒரு நாள் ஷாக் அடித்ததில்லை" என்கிறார். கடைசியில் தெருமுனை எலக்ட்ரீஷியன் ஒருவர் பிளக் பாயின்ட்டைத் திறந்து, உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு வயரை மாட்டி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். ஷாக் நின்றுவிட்டது.

"இப்போது நிம்மதி. ஆனால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதே என்கிறார் அண்ணன். பக்கவாட்டுத் தகடு சுடுகிறது, அடுப்புக்குப் பக்கத்திலேயே வேறு நிற்கிறது. வெடித்துவிடும் என்று மாமியார் ராத்திரி அணைத்துவிடுகிறார். எது சரி சார்?" என்று கேட்டிருக்கிறார். பழைய சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் திண்ணையில் சாமான் அலமாரியாக நிற்கிறது என்பது கடிதத்தின் கடைசி வரி.

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. தீர்ந்துபோனது என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட விஷயம்தான் உங்கள் வீட்டில் இப்போது இருக்கிற பெரிய ஆபத்து. இதை மேலே படிக்கும் முன் எழுந்து போய், போர்டில் அந்த பாயின்ட்டுக்கான எம்சிபியை (லோடு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) இறக்கி, காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பாலையும் மீனையும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாவு புளித்தால் புளிக்கட்டும்.

அந்த விரல் நீள வயர்

நான் உங்கள் வீட்டு பாயின்ட்டைப் பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன், பத்து வருடமாகப் பையன்களுக்கு அதையே சொல்லியும் கொடுக்கிறேன். எர்த் இல்லாத வீட்டில், ஐந்து நிமிடத்தில், ஒரு துண்டு வயரால் ஷாக் நிற்கிறது என்றால் அது லூப்தான். அதாவது பிளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகிற வயர்) எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

முதலில் ஏன் சுருக்கென்றது என்று பார்ப்போம். இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலிருந்து துளித்துளியாக மின்சாரம் உலோக உடம்புக்குக் கசியும், அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடவேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. எர்த் இல்லையென்றால் போக இடமில்லாமல் உடம்பிலேயே நிற்கும், அளந்தால் சுமார் 115 வோல்ட், அதாவது சப்ளையில் பாதி காட்டும். டெஸ்டரை வைத்தால் லேசாக எரியும். வோல்ட் பெரிதாகத் தெரிந்தாலும் பாய்கிற மின்சாரம் மிகக் குறைவு, அதனால் கூச்சத்தோடு நின்றது. வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பழைய ஃபிரிட்ஜ்களில் இந்த ஃபில்டர் கிடையாது. அந்த வீட்டில் எர்த் பதினைந்து வருடமும் இல்லாமல் இருந்திருக்கலாம், காட்டிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். உங்கள் ஃபிரிட்ஜ் காட்டிக்கொடுத்தது. நாம் அதன் வாயை மூடிவிட்டோம்.

இப்போது லூப் போட்டபின் என்ன ஆகிறது? ஃபிரிட்ஜின் உடம்பு நியூட்ரலோடு நேராக இணைந்துவிட்டது. நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. ஆனால் நியூட்ரல் அறுபடும். பாயின்ட்டில் ஸ்க்ரூ தளர்ந்து, மீட்டர் போர்டில் லிங்க் கருகி, மழைக்காற்றில் கம்பத்து ஜம்பர் விட்டுப்போய், எப்படியும் ஆகலாம். அறுந்த நொடியில், ஃபேஸில் வருகிற 230 வோல்ட் ஃபிரிட்ஜின் சர்க்யூட் வழியாகவும், எரிந்துகொண்டிருக்கிற லைட், ஃபேன் வழியாகவும் நியூட்ரலுக்கு வந்து, மேலே போக வழியில்லாமல் அந்த லூப் வழியே ஃபிரிட்ஜின் கதவுக்கும் தகட்டுக்கும் வந்து நிற்கும். எம்சிபி விழாது, ஏனென்றால் அதன் கணக்கில் ஓவர்லோடும் இல்லை, ஷார்ட்டும் இல்லை. உங்களுக்குத் தெரிவதெல்லாம் ஃபிரிட்ஜ் சத்தம் நின்றதுதான். "கரன்ட் போயிடுச்சு போல" என்று போய்க் கதவைத் திறப்பீர்கள். யாரும் பயமில்லாமல் கை வைக்கிற நேரம் அதுதான், அதனால்தான் லூப்பை நான் கூச்சத்தைவிடப் பல மடங்கு மோசம் என்கிறேன். இன்னொரு வழியும் உண்டு: கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ வேலை பார்த்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டிவிட்டால், எதுவும் அறுபடாமலே முழு 230 வோல்ட் கதவில் இருக்கும்.

கடையில் விற்கிற மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரைச் சொருகிப் பார்த்து எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். லூப் போட்ட பாயின்ட்டிலும் அது சரி என்றுதான் காட்டும். மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

என்ன செய்யவேண்டும்

உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு முதலில் அந்த லூப்பை எடுக்கச் சொல்லுங்கள். மற்ற பாயின்ட்டுகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு இடத்தில் போட்டவர் கிரைண்டர் பாயின்ட்டிலும் போட்டிருக்கலாம், முன்பு குடியிருந்தவர் காலத்திலேயே கீசருக்கும் போட்டிருக்கலாம். அப்புறம் எர்த். வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண் இருந்தாலும் குழி எடுத்து எர்த் பைப் இறக்கிவிடலாம், அங்கிருந்து மெயின் போர்டுக்கு வயர், போர்டிலிருந்து ஃபிரிட்ஜ் பாயின்ட்டின் மேல் பெரிய துளைக்குப் பச்சை வயர். தண்ணீர்க் குழாயில் கட்டுகிறேன், சுவரில் ஆணி அடித்துக் கட்டுகிறேன் என்று வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். குழாயெல்லாம் இப்போது பிளாஸ்டிக், அதில் எர்த் கிடைக்காது. பழைய இரும்புக் குழாயாக இருந்தால் ஷாக்கைக் குளியலறைக்குக் கொண்டுபோகும்.

மூன்றாவது, ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கி மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றுவது, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுவது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் அந்த அளவுக்கு மேல் வித்தியாசப்பட்டால், யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் டி என்று போட்ட பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவேண்டும். சிலர் ஆர்சிசிபி இருந்தால் எர்த் வேண்டாம் என்பார்கள். எர்த் இருந்தால் கசிவு வந்தபோதே அது விழும். இல்லையென்றால் யாராவது தொட்டபின்தான் விழும். உங்கள் வீட்டில் முதலில் தொடப்போவது நாலு வயதுப் பையனாக இருக்கலாம்.

எர்த் போட ஒரு வாரம் ஆகும், அதுவரை ஃபிரிட்ஜ் இல்லாமல் முடியாது என்றால்? நான் நிறுத்திவைக்கவே சொல்வேன். அப்படியும் முடியாதென்றால், குறைந்தபட்சம் லூப்பை எடுத்து, ஆர்சிசிபியை அன்றே போட்டு, முன்னால் ரப்பர் மேட் விரித்து, பையனை அண்டவிடாமல் ஓட்டுங்கள். கூச்சம் திரும்ப வரும். வரட்டும், எர்த் இன்னும் வரவில்லை என்று அது ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது

நான் வக்கீல் இல்லை, ஆனால் வாடகை வீடுகளில் வேலை பார்த்ததால் இது தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில், உள்ளும் வெளியும் உள்ள மின் வயரிங் வேலை உரிமையாளர் தலையில்தான் இருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் பழுது மட்டும் குடியிருப்பவருடையது. எர்த் சாக்கெட் சமாச்சாரம் இல்லை, வயரிங். அவர் செய்ய மறுத்தால் நீங்களே செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் எழுத்தில் கேட்காமல், பதில் வாங்காமல், அதில் இறங்கவேண்டாம்.

சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். சர்வீஸ் ஆளிடம் "எர்த் இல்லை" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஐயா, ஷாக் அடித்தது ஃபிரிட்ஜால் இல்லை என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது, எர்த் போட்டுத் தாருங்கள், ஆர்சிசிபி செலவு எங்களுடையது" என்று கேளுங்கள். பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் மனிதர்கள் இறங்கி வருவார்கள். அந்த லூப்போடு தொடர்ந்து ஓட்டிப் போர்டு கெட்டால் வாரண்டியில் தகராறு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலேயே குறை இருந்து கம்பெனி இழுத்தடிக்கிற நிலைமை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லை. லைட் திடீரென்று பளிச்சென்று எரிவது, மங்குவது என்று நியூட்ரல் கோளாறுபோல ஏதாவது தெரிந்தால் மெயினை இறக்கிவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசர் பற்றி உங்கள் அண்ணன் சொன்னதற்கு ஒரே வரி: அது வோல்டேஜை ஒழுங்குபடுத்தும், ஷாக்கைத் தடுக்காது. ஃபிரிட்ஜோடு வந்த புத்தகத்தில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை தாங்கும் என்று போட்டிருக்கும், உங்கள் தெருவில் அதைத் தாண்டி இறங்கினால், ஏறினால் மட்டும் வாங்குங்கள். வாங்கினால் அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து அலங்காரம் செய்யாதீர்கள், அதுவும் சுடும்.

வெடிக்குமா?

மாமியார் பயம் அர்த்தமில்லாதது இல்லை. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் குளிர்விக்கிற வாயுவாகப் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12ஐ விட்டு, பூமியைச் சூடாக்குகிற ஆர்-134ஏயையும் விட்டு இதற்கு வந்திருக்கிறோம். இது எரியும் வாயுதான். ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது பொதுவாக 30 முதல் 80 கிராம். பக்கத்தில் நிற்கிற சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ. எதற்குப் பயப்படவேண்டும் என்று பாருங்கள்.

ஃபிரிட்ஜ் வெடித்தது என்று வருகிற செய்திகளில் சிலவற்றில் உண்மையில் கசிந்தது சிலிண்டர். இரவில் கசிந்த வாயு தரையோடு தேங்கி நிற்கும், ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட்டோ ரிலேயோ ஒரு பொறி போட்டால் போதும். அதனால் சமையலறையில் காஸ் வாடை வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், அணைக்கவும் போகாதீர்கள், எந்த சுவிட்சிலும் கை வைக்காமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து காஸ் கசிவு உதவி எண் 1906க்குப் போன் செய்யுங்கள். நல்லெண்ணத்தில் ஓடிப்போய் சுவிட்சை அணைக்கிற பழக்கம்தான் இந்த இடத்தில் உயிரை வாங்குகிறது.

ஃபிரிட்ஜே காரணமாக இருக்கும் விபத்துகளில் பெரிய எதிரி வெடிப்பைவிடத் தீயும் புகையும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 72 பேரைக் கொன்ற கிரென்ஃபெல் டவர் தீ, நாலாவது மாடிச் சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜ்-ஃப்ரீசரில் மின்கோளாறால் தொடங்கியது. அது மாடி மாடியாகப் பரவியதற்குக் கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் காரணம் என்பது வேறு கதை. சென்னையை அடுத்த நம் ஊரப்பாக்கத்தில் 2022 நவம்பரில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஃபிரிட்ஜிலிருந்து வந்த புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கிற ஃபோம் எரிந்தால் வருகிற புகை விஷம். ஆகவே படுக்கிற அறையில் ஃபிரிட்ஜ் வேண்டாம், வாசலை அடைக்கிற மாதிரியும் வேண்டாம். கருகிய வாடை, பிளக் தொட்டால் சூடு, பாயின்ட்டில் பழுப்பு நிறம், இதில் எது வந்தாலும் மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில், ஃபிரிட்ஜும் மிக்சியும் இண்டக்ஷன் அடுப்பும் சில நாள் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடின என்று எழுதியிருக்கிறீர்கள். 2000 வாட் இண்டக்ஷன் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பாக்ஸ் உருகத்தான் செய்யும். ஃபிரிட்ஜுக்கு என்று சுவரில் தனி பாயின்ட், நடுவில் எதுவும் கூடாது.

பக்கவாட்டு சுடுவது கோளாறு இல்லை. முன்பெல்லாம் பின்னால் கறுப்புக் கம்பி வலையாக இருந்த கண்டன்சர் இப்போது இரண்டு பக்கத் தகட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது, உள்ளே எடுத்த சூட்டை அதுதான் வெளியே தள்ளுகிறது. அது தள்ளுவதற்கு இடம் வேண்டும். நாலு விரல் அகலத்துக்குக் குறையாமல் பின்னாலும் பக்கங்களிலும், மேலே ஒரு சாண், மேனுவல் இதைவிட அதிகம் கேட்டால் மேனுவல்தான் சரி. அடுப்புக்குப் பக்கத்திலிருந்து கட்டாயம் நகர்த்துங்கள், ஹாலுக்கே போனாலும் பரவாயில்லை. படுக்கவைத்துக் கொண்டுவந்ததைப் பற்றி இனிக் கவலைப்படவேண்டாம். கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும் என்பதால் நிமிர்த்தியபின் சில மணி நேரம் விட்டுப் போடச் சொல்வோம், மூன்று வாரம் ஒழுங்காகக் குளிர்ந்துவிட்டது, தப்பித்தீர்கள். அடுத்த தடவை நிற்கவைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எப்போதாவது கேஸ் ஏற்ற ஆள் வந்தால், ஸ்டிக்கரில் ஆர்-600ஏ இருக்கிறதா என்று முதலில் பார்த்து அவரிடம் காட்டுங்கள். சமையலறைக்குள்ளேயே குழாய் ஒட்டுகிற தீ டார்ச்சைப் பற்றவைக்கிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த வாயுவில் சிலிண்டரில் போடுகிற நாற்றம் கிடையாது, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது.

ராத்திரி அணைப்பது, சூட்டோடு வைப்பது

அணைக்கவேண்டாம். உள்ளே 4 டிகிரிக்குக் கீழேயும் ஃப்ரீசரில் மைனஸ் 18லும் நிற்கவேண்டும். எட்டு மணி நேரம் அணைத்தால் பால், மீன் குழம்பு எல்லாம் கிருமிக்குப் பிடித்த சூட்டுக்கு வந்துவிடும், காலையில் மறுபடி குளிரவைக்கக் கம்ப்ரஸர் மூச்சுமுட்ட ஓடும், மிச்சமாகிற கரன்டும் பெரிதில்லை. மாமியாரிடம் எர்த்தும் ஆர்சிசிபியும் போட்டதைக் காட்டிச் சொல்லுங்கள், கேட்பார்.

சூடான சாம்பார் ஃபிரிட்ஜைக் கெடுக்கும் என்று ராத்திரி முழுக்க வெளியே வைத்துக் காலையில் உள்ளே தள்ளுவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஃபிரிட்ஜைக் காப்பாற்றி வயிற்றைக் கெடுக்கிற வேலை அது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும். பெரிய அண்டாவாக வைக்காமல் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆவி அடங்கியதும் வையுங்கள். சோற்றில் இன்னும் கவனம், வெளியே கிடந்த சோற்றில் உண்டாகிற ஒரு நச்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது. பச்சை மீன், கறி கீழ்த்தட்டில் மூடி.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்க கரன்ட் நிறுத்தினால், கதவைத் திறக்காமல் இருந்தால் கீழே சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள்வரை, பாதி நிரம்பியது ஒரு நாள். ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. திண்ணையில் நிற்கிற பழைய ஃபிரிட்ஜ். சாவி போட்டுப் பூட்டுகிற மாடல் என்று எழுதியிருக்கிறீர்கள், நாலு வயதுப் பையன் இருக்கிறான், தெருப் பிள்ளைகளும் விளையாட வருவார்கள். ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் அவர்களுக்குத் தெரியாது. ரப்பர் காஸ்கெட் காற்றை விடாது, உள்ளே இருந்து கத்தினாலும் வெளியே கேட்காது, பூட்டு விழுந்துவிட்டால் தள்ளியும் திறக்க முடியாது. சாவியை ஒளித்துவைப்பது போதாது. கதவையே கழற்றுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கீலில் இருப்பது நாலைந்து ஸ்க்ரூதான், உங்கள் கணவரே இன்று சாயங்காலம் கழற்றிவிடலாம்.